வகுப்புக்கு முப்பது பேர்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஒரு பெருநகரம் தன் அரசுப் பள்ளிகளில் எவற்றை மூடுவது என்று எப்படி முடிவு செய்கிறது என்று கேட்டிருந்தாய். பிள்ளைகள் குறைந்தால் மூடிவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீயே பதிலும் எழுதியிருந்தாய். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று யார் சொல்கிறார்கள், எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். 2013 மே 22 அன்று அந்நகரக் கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூடத் தீர்மானித்தது. பெரும்பாலானவை தொடக்க, நடுநிலை வகுப்புகள் கொண்டவை. வேறு பள்ளி தேட வேண்டி வந்த பிள்ளைகள் சுமார் 12,000 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பின வீட்டுப் பிள்ளைகள். நகரப் பள்ளிகளில் மொத்தமாகப் பார்த்தால் அவர்கள் பத்துக்கு நான்கு பேர்தான். வாரியத்தில் இருந்த எல்லோரும் மேயர் ராம் எமானுவேல் நியமித்தவர்கள். மக்கள் வாக்களித்து வந்தவர் ஒருவரும் அப்போது இருக்கவில்லை.

நிர்வாகம் சொன்ன காரணம் கேட்க நியாயமாகவே இருந்தது. பட்ஜெட்டில் 100 கோடி டாலர் துண்டு விழுகிறது. 5 லட்சத்துக்கும் அதிகமான இடங்கள் இருக்க, படிப்பவர்கள் 4 லட்சத்துச் சொச்சம் பேர். இந்த ‘இடம்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார். பெஞ்சுகளை யாரும் எண்ணவில்லை. இடம் என்பது அன்றைய சூத்திரம் ஒன்றின் விடை. 39 அறைகள் உள்ள ஒரு பள்ளி என்று வைத்துக்கொள். அதில் 30 அறைகள் வகுப்புகளுக்கு. மீதி ஒன்பது ஓவியம், கணினி, அறிவியல் போன்றவற்றுக்கு. வகுப்புக்கு 30 பேர் என்று பெருக்கினால் 900. இதுதான் அந்தப் பள்ளிக்கு உகந்த எண்ணிக்கை. இதில் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 720 பேருக்குக் கீழே போனால் ‘போதிய பயன்பாடு இல்லை’. 120 சதவீதம் வரை போனாலும் நெரிசல் என்று சொல்லமாட்டார்கள். வகுப்புக்கு 36 பேர் என்பது அவர்கள் கணக்கில் சீரான பயன்பாடு! இப்போது அங்கே 700 பேர் படிக்கிறார்கள் என்று கொள். வகுப்புக்குச் சராசரி 23 பேர். எந்தப் பெற்றோரும் ஆசைப்படும் வகுப்பு. ஆனால் பட்டியலில் அது காலியான பள்ளி. முப்பதுக்குப் பதில் இருபத்தைந்து என்று போட்டுப் பார்: உகந்த எண்ணிக்கை 750 ஆகிறது, அதே பள்ளி 93 சதவீதம் நிறைந்துவிடுகிறது. ஒரு பிள்ளை கூடவில்லை, ஒரு சுவர் இடியவில்லை. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளின் வகுப்பைச் சட்டப்படியே சிறியதாக வைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட வகுப்புகள் அதிகமுள்ள பள்ளிகள் இந்தச் சூத்திரத்தில் இன்னும் காலியாகத் தெரிந்தன. பெற்றோர் அமைப்புகள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டின. மூடும் முடிவு 2013 மே மாதம் எடுக்கப்பட்டது என்பார்கள். பாதி முடிவு அந்த 30 என்ற எண்ணை எழுதிய நாளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

சூத்திரத்தை எப்படி மாற்றினாலும், மூடல்கள் நடந்த தெற்கு, மேற்குச் சிகாகோவில் பிள்ளைகள் குறைந்தது உண்மைதானே என்று நீ கேட்கலாம். உண்மைதான், அதை மறைப்பதற்கில்லை. 2000-க்கும் 2010-க்கும் இடையே நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை சுமார் 1,80,000 குறைந்தது. சில கட்டடங்களில் நான்கில் ஒரு பங்குகூட நிறையவில்லை என்றால் மூடுவதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏன் குறைந்தார்கள்? 2000-இல் நகர வீட்டுவசதித் துறை பழைய அரசுக் குடியிருப்புகளை இடிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற ஒரே வளாகத்தில் மட்டும் 16 மாடிக் கட்டடங்கள் 28 இருந்தன. 2007-க்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீடு போனால் அந்த வீட்டுப் பிள்ளை எப்படிப் பக்கத்துப் பள்ளிக்கு வரும்? இன்னொரு பக்கம் 2004-இல் அன்றைய மேயர் ரிச்சர்ட் எம். டேலி 2010-க்குள் 100 புதிய பள்ளிகள் திறப்பதாக அறிவித்தார். அவற்றில் பல, அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள். பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்த ஊரில் புதுப் பள்ளி திறந்தால் பழைய பள்ளிதானே காலியாகும்? சூத்திரத்துக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தலைகளை எண்ணும், அவ்வளவுதான்.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, பாதிக் கட்டடத்துக்கு வெப்பமூட்டியும் கூரை மாற்றியும் பணத்தைக் கரைப்பதைவிட மூடுவது மேல் என்பது அடுத்த வாதம். வலுவான வாதம். ஆனால் பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளம். பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனால் அவர்களுக்கான ஆசிரியர்களும் அங்கே தேவைப்படுவார்கள். பியூ என்ற ஆய்வு நிறுவனம் பிலடெல்பியாவை முன்னிட்டு ஆறு நகரங்களைப் பார்த்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்யாதவரை, ஒரு பள்ளியை மூடுவதால் ஆண்டுக்கு மிச்சமாவது பெரும்பாலும் 10 லட்சம் டாலருக்குக் கீழே என்றும், காலிக் கட்டடத்தை விற்பது லேசான வேலை இல்லை என்றும் அது கண்டது. 100 கோடிப் பள்ளத்துக்கு எதிரே வைத்தால் இது எந்த மூலைக்கு? மிச்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் சொன்ன காரணத்தின் பருமனுக்கு அந்த மிச்சம் பொருந்தவில்லை.

எல்லாவற்றையும்விட மனத்தைத் தொடும் வாதம் ஒன்று உண்டு: பலவீனமான பள்ளியிலிருந்து பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு மாற்றுகிறோம் என்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு இதை விடாமல் பின்தொடர்ந்தது. முந்தைய மூடல்களைப் பற்றி 2009-இல் அது சொன்னது: மிக நல்ல பள்ளிகளில் சேர்ந்தவர்களுக்கே பலன் கிடைத்தது, அப்படிச் சேர்ந்தவர்கள் வெகு சிலரே. நிர்வாகம் இதிலிருந்து பாடம் கற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் பழைய பள்ளியைவிட உயர்ந்த மதிப்பீடு பெற்ற பள்ளிகளுக்கே போனார்கள். சண்டைக் கும்பல்களின் எல்லைகளைத் தாண்டி நடக்க வேண்டிய பிள்ளைகளுக்காக, பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்ட காவல் ஊழியர்கள் தெருமுனைகளில் நிறுத்தப்பட்டார்கள். இருந்தும் 2018-இல் வந்த ஆய்வு, மூடும் அறிவிப்பு வந்த ஆண்டிலேயே, பிள்ளைகள் இடம் மாறுவதற்கு முன்பே, மதிப்பெண்கள் சரிந்ததைக் காட்டியது. வாசிப்பில் அந்தச் சரிவு சீக்கிரம் சரியானது. கணிதத்தில் நான்கு ஆண்டுகள் வரை நீடித்தது. ஆசிரியர் யார் போவார், நண்பன் எங்கே சேர்வான் என்ற குழப்பத்தில் எந்தப் பிள்ளைக்குப் பின்னம் மண்டையில் ஏறும்? கட்டடத்தின் பயன்பாட்டு விகிதத்தை எழுத ஒரு கட்டம் இருந்த பட்டியலில் இந்த இழப்பை எழுதக் கட்டம் இல்லை.

அப்படியானால் எப்படித்தான் முடிவெடுப்பது? இனி நீ எந்த ஊரின் மூடல் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் வகுப்புக்கு எத்தனை பேர் என்று போட்டிருக்கிறார்கள் என்று பார். அந்த எண்ணை மூன்று நான்கு கூட்டிக் குறைத்தால் எத்தனை பள்ளிகள் பட்டியலிலிருந்து விழுகின்றன என்று கணக்குப் போடு. எந்த அளவுகோலிலும் பட்டியலிலிருந்து விழாமல் நிற்கும் பள்ளிகளைப் பற்றி மட்டும்தான் உண்மையில் விவாதம் வேண்டும். அந்தப் பேட்டையில் அதே நிர்வாகம் எத்தனை வீடுகளை இடித்தது, எத்தனை புதுப் பள்ளிகளுக்கு அனுமதி தந்தது என்று கேள். மாற்றுப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்பதோடு, அது பிள்ளைக்குப் பழகிய வழியில் இருக்கிறதா என்றும் கேள்.

கடைசியாக டயட் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்குச் சிகாகோவின் பிரான்ஸ்வில் பகுதியில் இருப்பது. 2012-இல் அதைப் படிப்படியாக மூடுவதாக வாரியம் முடிவெடுத்தது. புதுச் சேர்க்கை நின்றது, இருந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2015-இல் கடைசியாகப் படித்து முடித்தவர்கள் 13 பேர். அந்த 13-ஐ மட்டும் பார்க்கிறவர் இத்தனை காலிப் பள்ளியை எப்படி விட்டுவைத்தார்கள் என்றுதான் கேட்பார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பேட்டைப் பெற்றோரும் ஊர்க்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 34 நாள் நீடித்தது. 2016-இல் பள்ளி மீண்டும் திறந்தது, அக்கம்பக்கப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற ஏற்பாட்டோடு.

அன்புடன்,
பெரியப்பா