கொக்கிப்புழுவும் கிராம சங்கங்களும்

களையெடுக்கும் காலத்தில் கூலியாட்கள் முற்பகலிலேயே சோர்ந்து வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று நிலமுடையோர் குறைகூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதைச் சோம்பல் என்று தீர்மானிக்குமுன், அவ்வாட்களின் கீழிமையைச் சற்றே விலக்கி உட்புறத்தைப் பார்த்தல் நன்று. அது வெளுத்திருக்குமாயின் உடலில் இரத்தம் குறைந்துள்ளதென்று அறியலாம். அதற்குப் போதிய உணவின்மை முதலிய காரணங்கள் பல உண்டெனினும், கிராமங்களில் ஒரு முக்கிய காரணம் நாம் மிதித்து நடக்கும் மண்ணிலேயே இருக்கிறது.

கொக்கிப்புழு அரை அங்குல அளவே உள்ளது. சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் வாழும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளிவந்து, நிழலும் ஈரமுமுள்ள பொலபொலப்பான மண்ணில் ஓரிரு நாளில் பொரித்து, 5 முதல் 10 நாட்களுக்குள் தோலைத் துளைக்கவல்ல நுண்புழுக்களாகின்றன. வெறுங்காலோடு நிற்பவனுடைய விரலிடுக்கில் நமைச்சலை உண்டாக்கி உட்புகுந்து, இரத்தவோட்டத்தில் நுரையீரலை அடைந்து, தொண்டை வழியே குடலுக்கு இறங்கிவிடும். வெயிலில் காய்ந்த தரையிலும், நீர் தேங்கிய களிமண்ணிலும் அவை நெடுநாள் பிழைப்பதில்லை. ஆகவே, நீர் நிற்கும் நெல்வயலைக் காட்டிலும் அதன் ஓரத்து வாழைக்கொல்லையும் தென்னந்தோப்பும் கொடிக்காலுமே அஞ்சத்தக்க இடங்கள். மறைவு நாடி ஜனங்கள் ஒதுங்கும் இடங்களும் அவைதாம் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இப்புழுவை ஒழிக்கத் தர்ம ஸ்தாபனங்கள் செய்த முயற்சிகளின் வரலாறு நமக்குப் பயன்படத்தக்கது. அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி விளையும் ஜில்லாக்களில் இவ்வியாதி மலிந்திருந்தது. 1909ஆம் ஆண்டில் ராக்பெல்லர் என்னும் செல்வர் 10 லட்சம் டாலர் அளிக்க, ஒரு சுகாதாரக் குழு 11 ராஜ்யங்களில் வேலை தொடங்கிற்று. பள்ளிப் பிராயத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இப்புழு இருக்கக் கண்டார்கள். ஊர் ஊராகத் தற்காலிக வைத்தியசாலை அமைத்தார்கள். குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வருவதுபோல் ஜனங்கள் வந்தார்கள். அங்கே பூதக்கண்ணாடியில் முட்டையையும், புட்டியில் புழுவையும் தம் கண்ணாலேயே பார்த்தார்கள். விவசாயியின் சொந்த நிலத்திலேயே புதுமுறையைச் செய்துகாட்டும் வழக்கத்தை அப்பகுதியில் ஸீமன் நாப் என்பவர் 1903 முதல் பரப்பிவந்தார். அவ்வேலைக்கும் ராக்பெல்லர் தர்மப் பணம் உதவியது. கண்ணால் காட்டி நம்பிக்கை உண்டாக்கும் அதே முறையே சுகாதாரத்திற்கும் கைகொடுத்தது. செயல்விளக்க வேலையில் இருப்பவனாகையால், இதைக் குறிப்பிடுவதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

ஆயினும் அடுத்த பாடம் கசப்பானது. 1916இல் அதே ராக்பெல்லர் தர்மத்தார் இலங்கையில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கு உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ் ஜில்லாக்களிலிருந்து சென்ற நம்மவர்களே. மருந்து உண்டவர்களுக்குப் புழு இறங்கிற்று. ஆனால் கக்கூஸ் கட்டப் பணம் செலவிடத் தோட்டமுதலாளிகளில் பலர் மனங்கொள்ளவில்லை. மண் அசுத்தமாகவே இருந்தமையால், குணமானவர்களையே புழு மறுபடி பற்றிற்று. மருந்து மட்டும் போதாதென்று உணர்ந்தே, 1926இல் களுத்துறையில் அரசாங்கமும் அத்தர்மத்தாரும் கூடி, கக்கூஸ், வீட்டுக்கு வீடு போதனை, தாய்சேய் நலம் எல்லாவற்றையும் ஒருங்கே கவனிக்கும் சுகாதார நிலையத்தை ஏற்படுத்தினர்.

வெளியிலிருந்து வரும் சங்கம் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கலாம். அதை நிலைநிறுத்துவது உள்ளூரில் நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களுடைய பொறுப்பு. ஒரு கிராமத்தில் தர்ம சங்கத்தார் கட்டிக்கொடுத்த கக்கூஸ்களில் பருத்திமாரும் வறட்டியும் அடுக்கியிருக்கக் கண்டேன். தண்ணீர் எங்கிருந்து கொணர்வது, குழி நிறைந்தால் என்ன செய்வது என்று அவ்வூராரை ஒருவரும் கலந்து பேசவில்லையாம்.

குழியைப் பற்றிய இவ்வச்சத்திற்கு விடை உண்டு. 1970இல் பீகாரில் பிந்தேஸ்வர் பாடக் தொடங்கிய சுலப் என்னும் தொண்டு ஸ்தாபனம் இரட்டைக் குழிக் கக்கூஸை நாட்டில் பரப்பிற்று. சிறிது நீர் ஊற்றினாலே மலம் குழிக்குச் சென்றுவிடும். பக்கச்சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கி, அடியை மண்ணாகவே விடவேண்டும். ஒரு குழி நிறைந்தபின் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கவேண்டும். மூடிய குழியை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் உள்ளிருப்பது நாற்றமற்ற கரிய மண்ணாகிவிடும். அது நல்ல எரு. அவசரப்பட்டு முன்னதாக எடுப்பது ஆபத்து. கிணற்றிலிருந்து 50 அடி விலகி இருப்பது நலம்.

மருந்தைப் பொறுத்தவரை, 2015 முதல் பிப்ரவரி 10ஆம் தேதியைக் குடற்புழு நீக்க நாளாகக் கொண்டு, 1 முதல் 19 வயதுள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை அளிக்கப்படுகிறது. வயலில் நிற்கும் முதிர்ந்த ஆட்கள் பெரும்பாலும் இதில் அகப்படுவதில்லை. அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வதும், அந்நாளின் கூலியைப் பிடிக்காதிருப்பதும் நிலமுடையோர் செய்யத்தக்கவை. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் மாத்திரை உட்கொள்ளலாகாது.

கிராம சங்கங்கள் எல்லா வீடுகளையும் ஒரே வருஷத்தில் முடிக்க எண்ணவேண்டா. கொடிக்காலுக்கும் தோப்புக்கும் ஆட்கள் செல்லும் தெருவில் ஐந்தாறு வீடுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தோப்பிலும் வேலையாட்களுக்கென ஒரு கக்கூஸ் அவசியம். இல்லையேல் பகலில் மீண்டும் வாழையடியே கதியாகும். குழி வெட்டுவதற்கு வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய மாதங்களே ஏற்றவை. நிலத்தடி நீர் ஏறியபின் வெட்டினால் கரை சரியும்.