ஒருவர் இறக்கினால் மூவருக்கும்!

எங்கள் அறையில் மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் உபுண்டு. அப்டேட் போட்டால் அதே ஃபைல் மூன்று தடவை இறங்கும். பிராஜக்ட் நேரத்தில் டேட்டா காலி!

இதற்கு மருந்து, 1996-இல் வெளிவந்த 'ஸ்க்விட்' என்னும் இலவச ப்ராக்ஸி. ஒருவர் கேட்ட ஃபைலைச் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். அதை ஒரு கம்ப்யூட்டரில் நிறுவி, அதன் ஐ.பி. முகவரியையும் போர்ட் 3128-ஐயும் மூன்றின் அப்டேட் அமைப்பிலும் கொடுக்க வேண்டும்.

அவ்வளவுதானா? இல்லை! டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லும் வரி ஆரம்பத்தில் முடக்கப்பட்டிருக்கும், 4 எம்.பி.க்கு மேற்பட்ட ஃபைலையும் சேமிக்காது. இரண்டையும் மாற்றுங்கள்.

எச்.டி.டி.பி.எஸ். பக்கங்கள் ஒட்டிய கவர் மாதிரி. ப்ராக்ஸி கொண்டுவந்து கொடுக்கும், பிரித்துச் சேமிக்காது. உபுண்டு அப்டேட் சாதாரண எச்.டி.டி.பி.யில் வருவதால்தான் இந்தப் பலன். கையொப்பத்தை உபுண்டுவே சரிபார்த்துவிடும், பயம் வேண்டாம்.

செய்து பாருங்கள். இரண்டாவது கம்ப்யூட்டரின் வேகமே சாட்சி சொல்லும்!