உழவியந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கம்பிகள்: தேய்வறிந்து திருத்தும் முறை

பெரும்போகத்து மழை பெய்து வயல் பதமடைந்ததும் கமக்காரருக்கு ஒவ்வொரு நாளும் பெறுமதி மிக்கது. அக்காலத்தில் இரு சில்லு உழவியந்திரம், அதாவது நம்மவர் லாண்ட்மாஸ்டர் என்று வழங்கும் இயந்திரம், வயல் நடுவே நின்றுவிடுவதுண்டு. எஞ்சின் பழுதின்றி இருக்க, கைப்பிடியிலிருந்து செல்லும் மெல்லிய கம்பியொன்று அறுந்தமையே சிலவேளை அதற்குக் காரணமாகின்றது. மரக்கறித் தோட்டங்களிற் பாவிக்கும் சிறு உழவியந்திரங்களுக்கும் இது பொருந்தும்.

வேலை தடைப்படுவது ஒரு நட்டமே. அதனினும் பெரிது உயிருக்கு நேரும் ஆபத்தாகும். வரம்பின் மீதோ வாய்க்காலருகிலோ திருப்பும் வேளையில் கம்பி அறுந்தால் இயந்திரம் சொன்னபடி திரும்பாது. பின்நோக்கிச் செலுத்தும்போது கிளச்சுக் கம்பி அறுந்தால், மரத்துக்கோ சுவருக்கோ கைப்பிடிக்கோ இடையில் ஓட்டுபவர் நசுக்கப்படலாம். வேகக் கம்பி உறைக்குள் இறுகிக்கொண்டால் நெம்பைத் தளர்த்தினாலும் எஞ்சின் வேகம் குறையாது. ஆதலால் எரிபொருளை அடைத்து எஞ்சினை நிறுத்தும் வழியை ஓட்டுபவர் ஒவ்வொருவரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

கம்பியின் அமைப்பு

துவிச்சக்கர வண்டியின் தடுப்புக் கம்பியை அறிந்தவருக்கு இது புதிதன்று. மெல்லிய உருக்கு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்த உட்கம்பி ஒன்றும், அது வழுக்கிச் செல்வதற்கான வெளியுறை ஒன்றும் உள்ளன. உட்கம்பியின் நுனிகளில் முனைக்குமிழ் எனப்படும் சிறு உலோகக் கட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். இக்குமிழ் நெம்பிலுள்ள துளையில் அமர்ந்து கம்பியை இழுக்கும். வெளியுறையின் ஒரு முனையில் செப்பஞ்செய் திருகும் அதை இறுக்கும் பூட்டுச்சுரையும் இருக்கும். எல்லா இயந்திரங்களிலும் எல்லாக் கட்டுப்பாடுகளும் கம்பியால் அமைந்தவை அல்ல. சிலவற்றில் இரும்புத் தண்டுகள் உள்ளன.

அறுவதற்குக் காரணம்

கம்பி அறுவது இழுவையின் மிகுதியால் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது இழுவையால் அன்று, வளைவால் நிகழ்கின்றது. நெம்பை இழுக்கும்போது முனைக்குமிழ் தன் துளையினுள் சற்றுச் சுழல வேண்டும். சேறும் துருவும் சேர்ந்து குமிழ் இறுகிவிட்டால் அது சுழலாது. குமிழின் வாயிலுள்ள கம்பியே ஒவ்வொரு முறையும் வளைகின்றது. ஒரு தகரத் துண்டை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தினால் அது முறிவது போல, இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. எஞ்சிய இழைகள் பாரத்தைத் தாங்கமாட்டாமல் ஒருநாள் அற்றுப்போகின்றன. குமிழின் துளையைத் துப்புரவாக்கிக் கிறீஸ் இடாமற் புதுக் கம்பியைப் பூட்டினால் அதுவும் அவ்விடத்திலேயே அறும்.

சோதிக்கும் முறை

சேறடிக்கும் வேலை தொடங்குமுன்னரும், போகம் முடிந்து இயந்திரத்தைக் கழுவிய பின்னரும் கம்பிகளைச் சோதித்தல் நன்று. எஞ்சினை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, சில்லுகளுக்குக் கட்டை இட்டு, புகைபோக்கி ஆறும்வரை காத்திருந்து கீழ்வருவனவற்றைப் பார்க்க.

1. குமிழின் வாயில் முறிந்த இழை உண்டா? ஓரிழை முறிந்திருப்பினும் அக்கம்பியை மாற்ற வேண்டும். இழை நுனிகள் குத்துமாதலால் வெறுங்கையால் தடவாமல் துணியால் தடவுக.
2. நெம்பை விட்டதும் அது தானே திரும்பிச் செல்கின்றதா? தயங்கின் உறைக்குள் துரு அல்லது மண் உள்ளது.
3. வெளியுறை நசுங்கியோ, கூரிய மடிப்புற்றோ, புகைபோக்கியின் சூட்டால் உருகியோ இருக்கின்றதா?
4. செப்பஞ்செய் திருகு முழுவதும் வெளியே வந்துவிட்டதா? அவ்வாறாயின் கம்பி நீண்டுள்ளது, அல்லது கிளச்சுத் தேய்ந்துள்ளது.

எண்ணெய் இடுதல்

இறுகிய கம்பியின் மேல்முனையைக் கழற்றி நிமிர்த்திப் பிடிக்க. ஒரு பொலித்தீன் துண்டைப் புனல் போலச் சுற்றி உறையின் வாயில் இறுகக் கட்டி, முதலிற் சிறிது மண்ணெண்ணெய் வார்த்து உட்கம்பியை மேலுங் கீழும் அசைத்து அழுக்கை வெளியேற்றுக. பின்னர் மெல்லிய எஞ்சின் எண்ணெய் வார்த்து, கீழ்முனையிற் சொட்டும்வரை விட்டுவைக்க. உறையினுள் நைலோன் பூசிய கம்பிகளுக்கு, செய்தோர் கூறியிருந்தாலன்றி எண்ணெய் இடலாகாது. இறுதியில் குமிழின் துளைக்குக் கிறீஸ் பூசி, சேற்றுநீர் புகாதவாறு மேல்முனையின் றப்பர் மூடியைச் சரியாக இருத்துக.

புதுக் கம்பி செய்தல்

தம் இயந்திரத்துக்கென ஆயத்தமாகச் செய்த கம்பி கிடைப்பின் அதனையே வாங்குதல் சிறந்தது. கிளச்சுக் கம்பிக்கு இது முக்கியம். கிடையாதவிடத்து, பழைய கம்பியின் பருமனுக்கு ஒத்த கம்பியை வாங்கிப் பின்வருமாறு செய்யலாம்.

பழைய உட்கம்பியையும் உறையையும் தனித்தனியே அளந்து குறிக்க. வெட்டப் போகும் இடத்தில் முதலிற் பற்றாசு பூசுக, இழைகள் பிரியாதிருக்கும். பட்டறைக் கல்லின்மேல் வைத்துக் கூரிய உளியால் ஒரே அடியில் வெட்டுக. குறட்டினால் மென்று வெட்டினால் நுனி நசுங்கும்.

குமிழைக் கம்பியிற் கோத்து, நுனியிலுள்ள இழைகளைப் பூப்போல விரித்து, குமிழின் அகன்ற குழிக்குள் இழுத்து இருத்துக. இவ்விரிவே இழுவையைத் தாங்கும். இழையை விரியாது ஒட்டிய குமிழ் கழன்றுவிடும். நாகக் குளோரைட்டுப் பாயம் தடவிச் சூடாக்கிப் பற்றாசை ஊட்டுக. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகுமாதலால் இச்சூட்டினால் உருக்கின் வலிமை கெடாது. பித்தளைப் பற்று வைக்கும் கடுஞ்சூடு இழைகளை மென்மையாக்கிவிடும். ஆகவே அது கூடாது. துருவுறா உருக்குக் கம்பியில் இம்முறை செவ்வையாகப் பிடிக்காது. ஒட்டியபின் அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுக. பாயம் எஞ்சினால் துருப்பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, ஈயந் தொட்ட கையை நன்கு கழுவிய பின்னரே உணவு கொள்க.

இரண்டாம் குமிழை ஒட்டுமுன்னர் உறையையும், மூடியையும், செப்பஞ்செய் திருகையும் கம்பியிற் கோத்துவிட்டோமா என்று பார்த்துக்கொள்க. இதை மறந்து முழு வேலையையும் மீளச் செய்தோர் பலர். பூட்டுமுன் குமிழை இடுக்கியிற் பிடித்துக் கம்பியைப் பலமாக இழுத்துச் சோதிக்க.

பூட்டுதலும் செப்பஞ்செய்தலும்

கம்பியைப் பழைய பாதையிலேயே, கூரிய மடிப்பின்றி, சூடான பாகங்களைத் தொடாதவாறு கொண்டுசெல்க. கைப்பிடியைத் திருப்பும்போது கம்பி இழுபடலாகாது. இழுத்தால் கிளச்சு விடுபடும் வகை இயந்திரங்களில், நெம்பை விட்ட நிலையிற் கம்பி சிறிது தளர்ந்திருத்தல் வேண்டும். தளர்வு இல்லையாயின் கிளச்சு முழுமையாகக் கவ்வாது வழுக்கித் தேயும். மிகுந்தால் நெம்பை முற்றாக இழுத்தும் கிளச்சு விடுபடாது. சரியான அளவை இயந்திரத்துடன் வந்த கைந்நூலிற் காண்க. செப்பஞ்செய்த பின் பூட்டுச்சுரையை இறுக்க மறத்தலாகாது.

எஞ்சினை இயக்காமலே நெம்பை 50 தடவை இழுத்து விடுக. அதன் பின்னரே, ஆட்கள் இல்லாத வெளியான சமதரையில், குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்க. இறக்கத்திற் சோதிக்க வேண்டாம். அங்கு கிளச்சு விடுபட்ட சில்லு முந்தி உருள்வதால், வலப்பக்க நெம்பை இழுத்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும்.

முடிச்சிடல் ஆகாது

அறுந்த கம்பியை முடிச்சிட்டோ கட்டுக்கம்பியாற் சேர்த்தோ வேலையைத் தொடர்வது தவறு. முடிச்சு உறையின் வாயிற் சிக்கும். சிக்கிய கிளச்சுக் கம்பி வேண்டிய கணத்தில் இயங்காது. திருகி இறுக்கும் தற்காலிகக் குமிழை வேகக் கம்பிக்கு மட்டும், இயந்திரத்தை மெல்ல வீடு சேர்க்கும் வரை பாவிக்கலாம்.

போகந் தொடங்குமுன் அரைநாளை இவ்வேலைக்கு ஒதுக்குக. ஒவ்வொரு கம்பிக்கும் மேலதிகமாக ஒன்று வாங்கி, எண்ணெய்த் துணியிற் சுற்றி ஈரம்படாமல் வைத்துக்கொள்க. கம்பி அறுமுன் தன் தேய்வை இழைகளால் அறிவிக்கின்றது. அதைக் கண்டு உரிய காலத்தில் மாற்றும் கமக்காரர் தம் பயிரையும் காப்பர், ஓட்டுபவர் உயிரையும் காப்பர்.