நடைப்பயணம் நம் கடைவாசலுக்கு வரும்போது



அக்டோபர் 10ஆம் நாள், 1992ஆம் ஆண்டு முதல் உலக மனநல நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அதையொட்டி மாணவர்களும் தொண்டு நிறுவனத்தினரும் பதாகை ஏந்தி நடந்து வருவதை நாம் பார்க்கிறோம். நடப்பதற்கு முன்பே அவர்கள் வந்து நிற்கும் இடம் நம் கடைவாசல்தான். "தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள், முடிந்த நன்கொடை கொடுங்கள்" என்பார்கள். நாமும் கல்லாவைத் திறந்து ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த சிட்டையைப் பார்க்கப் போய்விடுவோம். அதற்கு மேலும் நமக்கு அதில் வேலை இருக்கிறது என்பதே இந்தப் பாடம்.

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நூம்பலில் நம் மண்டியிலிருந்து பதினோரு ஆண்டுகள் சரக்கு எடுத்து வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர். நாணயமானவர். ஒரு தீபாவளிக்கு முன் பாக்கி நின்றுவிட்டது. மூன்று முறை வசூலுக்கு ஆள் அனுப்பினோம். மூன்றாம் முறை போய் வந்த பையன், "பகல் பதினோரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறார். கீழ்ப்பாக்கம் கேஸ் போலிருக்கிறது" என்றான். மண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

நான்கு மாதம் கழித்து அவர் மனைவி பாக்கியில் ஒரு பகுதியோடு வந்தார். கணவருக்குப் பல மாதங்களாகத் தூக்கமில்லை, மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொல்லி மருந்து கொடுத்து வருகிறார் என்றார். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, பாக்கியைக் கேட்க மூன்று தடவை ஆள் அனுப்பினீங்க. எப்படி இருக்கீங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அவர் குணமடைந்து, மீண்டும் கடை திறந்து, இன்றும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

நடந்தால் நோய் தீருமா?

தீராது. ஆனால் வாய் திறக்கும். இங்கிலாந்தில் தம் மகள்களைத் தற்கொலையில் பறிகொடுத்த மூன்று தகப்பன்மார், 2021 அக்டோபரில் ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீடு வரை 300 மைல் நடந்தார்கள். இளைஞர்களின் உயிர் காக்கப் பாடுபடும் ஓர் அமைப்புக்காக 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வழியெங்கும் முன்பின் அறியாதவர்கள் எதிரே வந்து, தங்கள் வீட்டில் நடந்ததையும் அவர்களிடம் சொன்னார்கள். வெட்கத்தால் மறைத்து வைத்திருந்த துயரம் தெருவுக்கு வந்ததுதான் அந்த நடையின் லாபம்.

நம் ஊருக்கும் இதில் பெருமை உண்டு. கேலிக்குப் பயன்படுத்துகிறோமே, அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்டவர். ஓய்வு பெற்ற பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தோற்றுவித்தார். அது நம் பக்கத்து அண்ணா நகரில் இயங்குகிறது. 1992இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 2021இல் காலமானார். தெருவில் ஆதரவின்றித் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக, இருபது வயதைத் தாண்டிய இரண்டு இளம்பெண்கள் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பின் அடைக்கலம் இல்லம் இருப்பது முகப்பேரில். இவ்வளவு அருகில் உதவி இருந்தும் நம் வாடிக்கையாளருக்கு அது தெரியாமல் போனால், குறை நம்முடையதும்தான்.

ஆகவே நடைப்பயணம் வரும்போது நாம் செய்யத்தக்கவை:

1. நன்கொடையைத் தனி ஆள் கையில் கொடுக்காமல், நிறுவனத்தின் பெயருக்குக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமானவரிக் கழிவு கிடைக்காது.

2. தண்ணீர்ப் பாக்கெட் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டது. பானையும் டம்ளரும் வையுங்கள். நீர்மோரில் உப்பும் பெருங்காயமும் நம்மிடம் இல்லாத சரக்கா?

3. மே 5 வணிகர் தினத்துக்குப் போல இதற்குக் கடையடைக்க வேண்டியதில்லை. கடைப் பையன்களில் இருவரை ஒரு மணி நேரம் நடக்க அனுப்புங்கள். சம்பளம் பிடிக்காதீர்கள். மூட்டை தூக்கும் பிள்ளைகளுக்கும் மனக்கவலை உண்டு.

4. கல்லாவுக்கு மேலே 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் அது. இலவசம். எந்நேரமும் தமிழில் பேசலாம்.

5. மனநிலை பாதித்துக் கடைவாசலில் திரிபவர் மீது தண்ணீரை ஊற்றி விரட்டாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவ உதவிக்குக் கொண்டுசெல்வது காவல்துறையின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது.

6. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. எலி மருந்து, பூச்சி மருந்துகளைக் கைக்கெட்டும்படி முன்னால் அடுக்காதீர்கள். இலங்கையில் கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பின், 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. நம் மாநில அரசும் 2022இல் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தடை செய்ய நடவடிக்கை எடுத்தது. பழைய இருப்பு இருந்தால் விற்காதீர்கள். முகம் வாடித் தனியே வந்து கேட்பவரிடம், "வீட்டில் எலித் தொல்லையா அம்மா?" என்று இரண்டு வார்த்தை பேசுங்கள். ஐயம் தோன்றினால் "சரக்கு இல்லை" என்று சொல்லி எலிப்பொறியைக் காட்டுங்கள். பத்து ரூபாய் லாபம் போனால் போகட்டும்.

மொத்த வியாபாரிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. புரட்டாசி, ஐப்பசி என்றால் தீபாவளிச் சரக்கும் வட்டிக்கு வாங்கிய கடனும் சில்லறைக் கடைக்காரரின் கழுத்தை நெரிக்கும் காலம். அக்டோபர் 10 வருவதும் அப்போதுதான். பாக்கியைக் கேட்பது நம் உரிமை. விடச் சொல்லவில்லை. ஆனால் நாணயமாக நடந்த ஒருவர் திடீரென்று தவறினால், கணக்கு நோட்டைப் புரட்டும் முன் நேரில் போய், "உடம்புக்கு என்ன? சாப்பிட்டீங்களா? தூங்குறீங்களா?" என்று கேட்டுவிடுவோம். நம் மண்டியில் இப்போது அதுதான் வழக்கம். வசூலுக்குப் போகும் பையனுக்கும் அப்படியே சொல்லி அனுப்புகிறோம்.

சென்ற அக்டோபரில் காலை ஆறரை மணிக்கு நூம்பல் சாலையில் நடந்து வந்த பிள்ளைகளுக்கு நம் மண்டி வாசலில் நீர்மோர் கொடுத்தோம். ஊற்றிக் கொடுத்தவர்களில் அந்த மளிகைக்கடைக்காரரும் ஒருவர். அவராகவே வந்தார். இந்த ஆண்டு உங்கள் தெருவிலும் நடந்து வருவார்கள். தயாராக இருங்கள்.