சின்னச் சொல்லை முதலில் பாருங்கள்

திண்டுக்கல் கோர்ட்டில் நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாளும் வாதாடியதில்லை. கட்டைப் பிரித்து, தீர்ப்பைப் படித்து, எந்தச் சொல்லில் வழக்கு நின்றது, எந்தச் சொல்லில் சாய்ந்தது என்று பார்த்தே காலம் போயிற்று. சட்டத் தன்னார்வலர்களாகப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது இந்த ஏழு வார்த்தைதான்.

1. உரிமை யாருக்கு என்று பாருங்கள். அரசமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் எந்த ஆளுக்கும் பொது. பேச்சுரிமையும் கூடும் உரிமையும் தரும் 19ஆம் பிரிவு ‘குடிமக்கள்’ என்கிறது. தோட்டனூத்து மறுவாழ்வு முகாமிலிருந்து, குடியுரிமை கிடைக்காத இலங்கைத் தமிழர் ஒருவர் உங்களிடம் வந்தால் இந்த வித்தியாசம் பெரிசு. 19ஐ நம்பி எழுதிய மனு நொண்டும். 14ஐயும் 21ஐயும் வைத்து எழுதுங்கள்.

2. யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான அடிப்படை உரிமைகள் அரசைக் கட்டுபவை. 12ஆம் பிரிவின்படி உங்கள் ஊராட்சியும் ‘அரசு’தான். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவிலோ ‘அரசு’ என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் தனி டம்ளர் வைக்கும் டீக்கடைக்காரரையும் அது பிடிக்கிறது. கொத்தடிமையைத் தடுக்கும் 23ஆம் பிரிவும் அப்படியே. செங்கல் சூளை முதலாளி அதிலிருந்து தப்ப முடியாது.

3. சொல் அப்படியே இருக்கும், பொருள் வளரும். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக்கூடாது என்பது 21ஆம் பிரிவு. சென்னை மாநிலச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன், ‘சட்டம்’ என்றால் நியாயமும் சேர்ந்தது என்று வாதாடினார். 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. முறைப்படி இயற்றியது எதுவோ அதுவே சட்டம் என்றார்கள். 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இடையில் 28 வருஷம். பிரிவில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆகவே பிரிவைப் படித்ததும், கடைசியாக வந்த தீர்ப்பையும் தேடிப் படியுங்கள்.

4. ‘நியாயமான’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழ் உள்ளே வரக்கூடாது என்று சென்னை மாநில அரசு தடை போட்டது. 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் அந்தத் தடை செல்லாது என்றாயிற்று. மறு வருஷமே முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் சேர்ந்தது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்பதும் கூடவே வந்தது. முதல் சொல் அரசின் பிடி, இரண்டாவது சொல் நம் பிடி.

5. ‘உயிர்’ என்ற சொல்லுக்கு நம் கிணறே சாட்சி. தோல் ஷாப் கழிவு நிலத்தில் இறங்கி, இறைக்கிற தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போன காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. 21ஆம் பிரிவில் கிணறு என்ற சொல் கிடையாது. ‘உயிர்’ என்ற சொல்லுக்குள் தண்ணீரும் காற்றும் அடங்கின. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றார்கள். நம்முடையது உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. கிணறு கிணறாகப் போய் எண்ணியவர்களின் உழைப்புக்கு அங்கே மதிப்பு இருந்தது. நீங்களும் முதலில் எண்ணுங்கள். உரிமை என்ற சொல்லை அப்புறம் எழுதலாம்.

6. ‘ஆனால்’ வரும்வரை படியுங்கள். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது 22ஆம் பிரிவு. அதே பிரிவு கொஞ்சம் தள்ளி, தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இது பொருந்தாது என்கிறது. ‘குண்டாஸ்’ என்று நாம் சொல்லும் 1982ஆம் வருஷத்துச் சட்டம் அந்த வாசல் வழியாக வந்ததுதான். அங்கே அறிவுரைக் குழுமம் உண்டு, ஆட்கொணர்வு மனுவுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உண்டு. வழி வேறு, கெடு வேறு.

7. அலங்காரம் வேண்டாம். சின்ன வயதில் ஒரு மனுவில் ‘மனித மாண்பு’, ‘தனிமனித சுதந்திரம்’ என்று ஒரு பக்கம் நிரப்பினேன். கைது செய்த நேரத்தை எழுத மறந்தேன். வக்கீல் ஐயா ஒன்றும் திட்டவில்லை. பேனாவை எடுத்து நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டார். இன்றும் மனு எழுதும்போது அந்த வட்டம்தான் கண்ணில் நிற்கிறது. தேதி, நேரம், இடம், யார் செய்தது. இவை முதல் பக்கத்தில் வரட்டும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று யாராவது தயங்கினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணை அவர்கள் கையில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வாங்குமுன் மனுவை அவருக்குப் புரியும் பேச்சில் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வரி ஒன்று இருந்தாலும் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.