கண்ணாடியில் தெரிய வேண்டிய விளக்கு

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 4.45 மணி. பண்டார் தெங்காராவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒன்பது மோட்டார்கள் வரிசையாக நின்றன. நெகிரி செம்பிலானுக்குப் போய், ஜெலுபு மலைப்பாதையில் ஏறி இறங்கி, இரவுக்குள் வீடு திரும்புவது எங்கள் திட்டம். எங்களில் சின்னவன் 19 வயது தம்பி ஒருவன். பேரு வேணாம், இதை அவனும் படிப்பான். அந்த இருட்டிலும் அவன் அம்மா கூடவே வந்திருந்தார். என்னிடம் வந்து, "தம்பி, நீதானப்பா முன்னால போற? அவன கொஞ்சம் பாத்துக்க" என்றார். "பாத்துக்கறேன் ஆன்ட்டி, கவலைப்படாதீங்க" என்று நானும் சொல்லிவிட்டேன்.

முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனை எப்படிப் பார்த்துக்கொள்வான்? அந்தக் கேள்வி அன்று காலையில் எனக்குத் தோன்றவே இல்லை. மதியத்துக்குள் தோன்ற வேண்டியதாயிற்று.

நம்ம ஊர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். பெல்டா செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் கோடு போட்ட மாதிரி நேர்ச் சாலைகள். நாங்கள் எல்லாரும் மோட்டார் பழகியது அதில்தான். நேர்ச் சாலையிலேயே ஓடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும், ஓரம் புதுசு மாதிரியே இருக்கும். அப்படிப்பட்ட டயரோடு மலைக்குப் போய் வண்டியைச் சாய்த்தால், தட்டைப் பகுதியிலிருந்து ஓரத்துக்கு மாறும் இடத்தில் சடக்கென்று விழுவது போல் ஓர் உணர்வு வரும். புதியவன் அதில் பயந்துபோய் பிரேக்கைப் பிடிப்பான்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் மோட்டார் கடை அண்ணன். நாற்பது வயதைத் தாண்டியவர், ஓட்டுவது பழைய இஎக்ஸ்5, முன் சக்கரத்தில் டிரம் பிரேக். முதல் நாள் சாயங்காலமே எல்லா வண்டியையும் பார்த்தார். சைக்கிள் டயர் மாதிரி ஒல்லி டயர் போட்டிருந்த ஒருவனை, "இத மாத்தாம நாளைக்கு வராத" என்று திருப்பி அனுப்பினார். மாற்றிக்கொண்டுதான் வந்தான். ஒன்பது வண்டியில் ஆறில் காற்று குறைவு! ஆயுத பூஜைக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறக்காத ஆட்கள் நாங்கள். அந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு என்று பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

நான் ஸ்கூடாயில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். அதனால் அண்ணன் பேசி முடித்ததும், அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன்மேல் கணக்குப் போட்டு நானும் ஒரு வகுப்பு எடுத்தேன். அந்தக் கணக்கு இங்கேயும் வேண்டும். பயப்படாதீங்க, ஐந்தாம் படிவ இயற்பியல்தான்.

வளைவில் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பது வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் ஓர் எண் வரும். சமதளச் சாலையில் டயர் தர வேண்டிய உராய்வுக் குணகமும் அதே எண்தான். ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் 0.25, சாய்வு 14 பாகை. 60இல் 0.57, சாய்வு 30 பாகை. 80இல் எண் 1ஐத் தாண்டும், சாய்வு 45 பாகை. காய்ந்த தாரில் சாதாரண டயருக்கு 0.8 கிடைத்தால் நல்லது. ஈரத்தில் 0.5 என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 40லிருந்து 80 ஆக்கும்போது தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்காகிறது. நம் உடம்பு அதை இரண்டு மடங்கு என்றுதான் நினைக்கிறது, கோளாறு அங்கேதான்.

இன்னொன்றும் சொன்னேன். வேகத்தில் இடது பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் திரும்பும், வண்டி இடது பக்கம் சாயும். யாரும் நம்பவில்லை. ஆனால் எல்லாரும் தினமும் அப்படித்தான் ஓட்டுகிறோம். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களில் மூத்தவர் வில்பர், சைக்கிள் ஓட்டுகிற பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று விசாரித்தார். இந்த முதல் எதிர்த்திருப்பத்தை யாருமே கவனித்திருக்கவில்லையாம். தெரிந்து வைத்துக்கொண்டால் ஆபத்து நேரத்தில் கைக்கு வரும். தெரியாதவனுடைய கை பிரேக்குக்குப் போகும்.

இவ்வளவு தெரிந்தவன் என்பதால் என்னைத் தலைவனாக்கி முன்னால் விட்டார்கள். அண்ணன் கடைசி ஆள், பெட்டியில் ஸ்பேனர், ஸ்பார்க் பிளக், டியூப்.

கூலாயில் நெடுஞ்சாலை ஏறினோம். மோட்டாருக்கு டோல் இல்லை. பாகோ ஓய்விடத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுப் பசியாறினோம். நாலு லிட்டர் தொட்டி வண்டிகள், ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் பெட்ரோல். சிரம்பானில் இறங்கியபோது மணி 9. அங்கிருந்து கோலா கிளவாங் வரை 86ஆம் எண் கூட்டரசு சாலை. ஜெராம் தோய் அருவி தாண்டியதும் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வரும். அப்புறம் புக்கிட் தங்கா. தங்கா என்றால் மலாயில் படிக்கட்டு. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது. நிழலில் காயாத ஈரம், உதிர்ந்த இலை, லோரிகள் சிந்திவிட்டுப் போன டீசல்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன். வளைவுக்குள் 50, வெளியே வந்ததும் முறுக்கி 80, மறுபடி 50. கண்ணாடியைப் பார்த்தால் மூன்று விளக்குகள் தெரிந்தன. மூன்று போதும் என்று நினைத்துக்கொண்டேன். மலேசியாவில் 1992 முதல் மோட்டாருக்குப் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். எதிரே வருகிறவனுக்கு நாம் தெரிவதற்காக வந்தது. கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவனுக்கும் அது உதவும், அவன் எண்ணிப் பார்த்தால்.

கோலா கிளவாங் கடைத்தெருவில் நிறுத்தினேன். மூன்று பேர் வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினோம், சிரித்தோம், படம் எடுத்தோம். இரண்டு நிமிடம் ஆனது. நான்கு ஆனது. ஏழாவது நிமிடம் யாரும் பேசவில்லை. தொலைபேசி எடுபடவில்லை. மலேசியச் சாலைகளில் 2023இல் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பாதிக்கும் மேல் மோட்டார்க்காரர்கள். இதையும் நான்தான் முதல் நாள் அட்டையில் எழிதிக் காட்டியிருந்தேன். "பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்ற என் குரலே எனக்குக் கேட்டது.

திரும்பிப் போனேன். ஐந்து மோட்டார்கள் சாலை ஓரத்தில் நின்றன. நான்கு பேர் நின்றார்கள். ஐந்தாவது ஆள் புல்லில் உட்கார்ந்திருந்தான். உயிரோடு, முழுசாக. கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இது. இடது வளைவு ஒன்று, உள்ளே போகப் போக இறுகுகிற வகை. 50 மீட்டர் ஆரத்தில் ஆரம்பித்து 35 ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 60இல் நுழைந்தவனுக்கு 0.57 போதும் என்றிருந்தது திடீரென்று 0.81 ஆகிவிடும். 50இல் நுழைந்திருந்தால் அதே இடத்தில் 0.56தான். தம்பி பயந்து முன் பிரேக்கைப் பிடித்தான். சாய்ந்த வண்டி நிமிர்ந்தது, நிமிர்ந்த வண்டி நேராகப் போனது. இடது வளைவில் நேராகப் போவது என்றால் எதிர்ப்பாதை. எதிரே டுரியான் ஏற்றிய ஹைலக்ஸ். ஓட்டியவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். வண்டியைச் சட்டென்று தன் இடது ஓரத்துப் புல்லுக்கு ஒடித்து நிறுத்திவிட்டார். தம்பி அவருக்குப் பின்னால் அதே ஓரத்தில் போய் நின்றான். பெரியவர் இறங்கி வந்து அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாராம். திட்டவில்லை. "பெலான்-பெலான், டிக்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏன்டா அவ்வளவு வேகமா வந்த?" என்று கேட்டேன்.

"உங்கள விட்டுடக் கூடாதுன்னுதான் அண்ணே. வழி தெரியாது எனக்கு."

அர்ஜுனனுக்குக் கிளியின் கண் மட்டும் தெரிந்தது என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தம்பிக்கு முன்வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பார்க்க வேண்டியது வளைவு முடிகிற இடம். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும்.

ஆனால் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் புல்லில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு முதல் நாள் வகுப்பில் இல்லாதது. இரண்டு வண்டிக்கு இடையே 2 வினாடி இடைவெளி என்பது எங்கள் விதி. 60இல் 2 வினாடி என்பது 33 மீட்டர். முன்னால் போகிறவன் வளைவை விட்டு வெளியே வந்து 90க்கு முறுக்கினால் அதே 2 வினாடி 50 மீட்டர் ஆகிவிடும். ஒன்பது வண்டிக்கு நடுவில் எட்டு இடைவெளி, மொத்தம் 16 வினாடி. 60இல் வரிசையின் நீளம் சுமார் 270 மீட்டர், 90இல் 400. யாருமே பின்தங்கவில்லை, இருந்தும் வரிசை நீள்கிறது. பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரிவது மீட்டர்தான், வினாடி தெரியாது. தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்து, இன்னும் வளைவுக்குள் இருக்கும்போதே முறுக்குகிறான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் இன்னும் கூடுதலாக. இழுத்த ரப்பர் பட்டை மாதிரி, அடி வாங்குவது வால்தான். நான் ஒவ்வொரு வளைவுக்கு வெளியிலும் முறுக்கிய முறுக்கு ஒவ்வொன்றும் பின்னால் போய் அவனைத் தள்ளியிருக்கிறது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "வரிசைய மாத்துவோம்" என்றார். புதியவன், மெதுவாக வருகிறவன் இரண்டாவது இடத்தில், தலைவனுக்கு நேர் பின்னால். மலையில் முந்துவது கிடையாது, ஒற்றை வரிசை. இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போவதெல்லாம் நேர்ச் சாலைக்கு மட்டும். தலைவன் வளைவை விட்டு வந்ததும் முறுக்கக் கூடாது, கண்ணாடியில் அடுத்த விளக்கு தெரிந்த பிறகுதான். சந்திப்பு எங்கே வந்தாலும், திரும்புகிற ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் வருகிறவன் கண்ணில் படும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மழையானாலும் நிற்க வேண்டும். நமக்காக ஒருத்தன் நிற்பான் என்று உறுதியாகத் தெரிந்தால் துரத்துவதற்குக் காரணமே இல்லை. தம்பி துரத்தியது வேகத்துக்கு ஆசைப்பட்டு இல்லையே, தொலைந்துபோய்விடுவோம் என்று பயந்துதானே.

எல்லாருமாகக் கோலா கிளவாங் போய்ச் சாப்பிட்டோம். அவன் கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் பிடித்தது. அதுவரை யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை.

திரும்பும்போது அதே மலை. தம்பி எனக்குப் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் அவன் விளக்கு கண்ணாடியில் வரும்வரை நான் 50லேயே போனேன். முதல் பத்து வளைவு எரிச்சலாக இருந்தது, உண்மை. அப்புறம் பழகிவிட்டது. வளைவுக்கு வெளியே காத்திருக்கிற அந்த ஒன்றிரண்டு வினாடியில்தான் பள்ளத்தாக்கையே பார்த்தேன். மலையைத் தாண்ட ஆன நேரம், போகும்போது ஆனதைவிட 4 நிமிடம் கூடுதல். ஒன்பது விளக்கும் ஒன்றாகச் சிரம்பானில் இறங்கின.

இரவு 9 மணிக்குப் பண்டார் தெங்காரா. தம்பி வீட்டுக்கு நானும் போனேன். "அம்மாகிட்ட சொல்லாதீங்க அண்ணே" என்று வழியெல்லாம் கெஞ்சினான். சொல்லாமல் இருக்கத்தான் எனக்கும் ஆசை. வாசலில் நின்று முழுதும் சொன்னேன், என் தப்பு எதுவோ அதையும் சேர்த்து. ஆன்ட்டி வெகுநேரம் பேசவில்லை. மகனின் ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"மறுபடியும் போவீங்களா?"

"போவோம் ஆன்ட்டி. இவன் ரெண்டாவது ஆளா வருவான். நீங்க சரின்னு சொன்னா மட்டும்."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டு வந்தார்.