விளக்கு மாறினால் வரைபடமும் மாறவேண்டும்

இரவில் காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்வோருக்குச் சென்னைக் கலங்கரை விளக்கம் பழகிய அடையாளம். ஆனால் அது என்றும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. 1844-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்தூண் விளக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது, ஒளி தருவதில்லை. 1894-இல் விளக்கு உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கு மாறியது. 1977-இல் மெரினாவுக்கு வந்தது. விளக்கு இடம் மாறினால் மாலுமிகளுக்கு அறிவிப்புத் தருவது கடல்துறையின் வழக்கம். அதைப் படித்துத் தம் வரைபடத்தைத் திருத்திக்கொள்ளாத மாலுமி, எரியாத விளக்கைத் தேடிக்கொண்டிருப்பார்!

கைப்பேசிச் செயலிகளை எழுதுவோருக்கும் இத்தகைய அறிவிப்பு வருவதுண்டு. அது என்ன என்று பார்ப்போம்.

ஒரு செயலி எல்லா வேலைகளையும் தானே செய்வதில்லை. ‘நான் எங்கே இருக்கிறேன்?’, ‘இப்போது மணி என்ன?’ என்று கைப்பேசியின் இயங்குதளத்தைக் கேட்டுப் பெறுகிறது. இப்படிக் கேட்பதற்கென்று கட்டளைகள் உண்டு. மேலான புதிய கட்டளை ஒன்று வந்ததும் பழையதை உடனே நீக்கிவிட்டால் ஆயிரக்கணக்கான செயலிகள் நின்றுபோகும். ஆகவே, இயங்குதளத்தை உருவாக்குவோர் பழைய கட்டளையை முதலில் ‘டெப்ரிகேட்டட்’ என்று குறிக்கிறார்கள். ‘இது இன்று வேலை செய்யும், நாளை செய்யும் என்று நம்பவேண்டாம், இதற்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்துங்கள்’ என்பது அதன் பொருள். நாம் இதை ‘ஓய்வு அறிவிக்கப்பட்ட கட்டளை’ என்போம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்னும் எழுதுகருவியில் இத்தகைய கட்டளையின் பெயர் குறுக்கே கோடிட்டுக் காட்டப்படும்.

நிலத்தில் இருப்பவருக்கு ஒரு செயலி நின்றுபோனால் சிறிது தொல்லை, அவ்வளவுதான். கடலில் அப்படியல்ல. கரையிலிருந்து ஏறத்தாழ 10 அல்லது 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசிக் கோபுரங்களின் அலைகள் எட்டுவதில்லை. 2017-இல் ஒக்கிப் புயல் வீசியபோது, ஏற்கெனவே தொலைவில் சென்றுவிட்ட படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன்பின் 2019-இல் ‘ஜெமினி’ என்னும் கருவி அறிமுகமாயிற்று. அது செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் கைப்பேசிக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு செயலி அதை மீனவரின் மொழியில் காட்டுகிறது. கரையை விட்டு வெகுதூரம் போனபின் செயலி பழுதானால் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ள வழியில்லை. மாற்றவேண்டியதைக் கரையில் இருக்கும்போதே மாற்றியாகவேண்டும்.

இப்போது நாமே ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வானத்தில் எந்தெந்தச் செயற்கைக்கோள்கள் நம் கைப்பேசிக்குத் தென்படுகின்றன என்று அது காட்டவேண்டும். போதிய செயற்கைக்கோள்கள் தென்பட்டால்தான் கைப்பேசி காட்டும் இடத்தை நம்பலாம். இதற்கு ஆண்ட்ராய்டில் முன்பு ‘ஜிபிஎஸ் ஸ்டேட்டஸ்’ என்னும் பகுதி பயன்பட்டது. 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பில் அதற்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. ‘ஜிஎன்எஸ்எஸ் ஸ்டேட்டஸ்’ என்பது அதன் இடத்தில் வந்தது.

ஏன் இந்த மாற்றம்? ஜிபிஎஸ் என்பது அமெரிக்காவின் செயற்கைக்கோள் தொகுதி ஒன்றின் பெயர் மட்டுமே. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உண்டு. நம் நாட்டின் தொகுதி நாவிக். அதன் முதற் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் தீவுதான் அது. இத்தனை தொகுதிகள் வந்தபின், ஒரே தொகுதியை மனத்தில் வைத்து எழுதிய கட்டளை போதவில்லை.

பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டால் போதுமா? போதாது. பழைய முறையில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஓர் எண் மட்டுமே கிடைத்தது. புதிய முறையில் எண்ணோடு, அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதும் கிடைக்கிறது. திருவொற்றியூரில் ஒரு தெருவிலும் 5-ஆம் எண் வீடு உண்டு. ராயபுரத்தில் ஒரு தெருவிலும் உண்டு. தெருவின் பெயர் இல்லாமல் தபால்காரர் என்ன செய்வார்? அதுபோல ஜிபிஎஸ்ஸிலும் 5 உண்டு. நாவிக்கிலும் 5 உண்டு. ஆண்ட்ராய்டில் நாவிக்குக்கு உரிய தொகுதிக் குறியீடு 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

மாற்றும் வேலையைப் படிப்படியாகச் செய்யலாம்.

1. பழைய கட்டளைக்கு ஏன் ஓய்வு அறிவித்தார்கள் என்று முதலில் படியுங்கள். காரணம் தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்பது விளங்கும்.

2. அந்தக் கட்டளை நிரலில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். அத்தனையையும் ஒரே இடத்திற்குக் கொண்டுவாருங்கள். பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

3. பழைய கைப்பேசிகளை மறவாதீர்கள். ஆண்ட்ராய்டு 6 உள்ள கைப்பேசிக்குப் புதிய கட்டளை தெரியாது. எனவே, ‘பதிப்பு 7 அல்லது அதற்கு மேல் என்றால் புதிய வழி; இல்லையேல் பழைய வழி’ என்று நிரலில் எழுதவேண்டும்.

4. பழைய கைப்பேசி, புதிய கைப்பேசி இரண்டிலும் சோதியுங்கள்.

5. பழைய பதிப்புகளுக்கு இனிச் செயலியைத் தருவதில்லை என்று முடிவு செய்த நாளில், பழைய வழியை அழித்துவிடுங்கள்.

நான்காம் படி ஏன் இன்றியமையாதது? 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல், அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்ட செயலிகளுக்குப் பழைய கட்டளை மறுக்கப்படுகிறது. கூகுள் பிளேயோ, புதிய பதிப்பை இலக்காகக் கொள்ளும்படி செயலி எழுதுவோரை அவ்வப்போது வற்புறுத்துகிறது. இந்நிலையில் ஒருவர் இலக்கை மட்டும் உயர்த்தி, கட்டளையை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? நிரலை எழுதும்போது ஓர் எச்சரிக்கைதான் தோன்றும், செயலி உருவாகிவிடும். பழைய கைப்பேசியில் நன்றாக ஓடும். புதிய கைப்பேசியிலோ, செயற்கைக்கோள்களைக் கேட்கும் கணத்தில் பிழை எழும். அதைக் கையாள நிரலில் வழி இல்லையென்றால் செயலி நின்றுவிடும். கரையில் பழைய கைப்பேசியில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது!

ஓய்வு அறிவிப்பு என்பது தண்டனையன்று, தவணை. மேற்சொன்ன கட்டளைக்கு அறிவிப்புக்கும் மறுப்புக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. அத்தவணையைப் பயன்படுத்துவோரின் செயலி, படகு கரையை விட்டுப் புறப்படும் முன்பே ஆயத்தமாக இருக்கும்.

சிந்தித்துப் பாருங்கள்: ஒரு செயலி செயற்கைக்கோள்களை எண்ணைக் கொண்டு மட்டுமே பட்டியலிடுகிறது. ஒரே எண் மறுபடி வந்தால் முந்தியதை அழித்து எழுதுகிறது. வானில் ஜிபிஎஸ் 5, ஜிபிஎஸ் 9, நாவிக் 5, கலிலியோ 9, கலிலியோ 11 ஆகியவை தென்படுகின்றன. செயலி எத்தனை என்று காட்டும்? உண்மையில் எத்தனை?

(விடை: காட்டுவது 3, உண்மையில் 5.)